பாலைவனத்தில் முதற் குளிர்காலம்

பாலை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் எழுவது வெயில்தான். ஆனால் தொல்காப்பியம் வேனிலையும் நண்பகலையும் பாலைக்குரிய பொழுதுகளாக வகுத்ததோடு நின்றுவிடவில்லை. பின்பனிக் காலத்தையும் அதற்கு உரியதாக்கியிருக்கிறது. பாலையின் உரிப்பொருளோ பிரிவு. வீட்டைப் பிரிந்து, ஒரு மினி வானையே வீடாகக் கொண்டு, அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் முதல் தடவையாகக் குளிர்காலத்தைக் கழிக்க ஆயத்தமாகும் மனிதர்களைப் பற்றிப் படிக்கும்போது அந்த இலக்கணமே என் நினைவுக்கு வருகிறது.

அரிசோனா மாநிலத்தின் மேற்கு எல்லையருகே குவார்ட்ஸ்சைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2020 குடிசன மதிப்பீட்டின்படி அங்கு 2,500 இற்கும் குறைவானோரே வாழ்கிறார்கள். ஆனால் குளிர்காலம் வந்ததும் அவ்வூரைச் சூழ்ந்த வெட்டவெளி எங்கும் பேரூந்து போன்ற சொகுசு வண்டிகள் முதல் பழைய மினி வான்கள் வரை அணிவகுத்து நிற்கும். சொகுசு வண்டியில் வருபவருக்கு வடக்கே ஒரு வீடு உண்டு. மினி வானில் வருபவருள் பலருக்கு அந்த வண்டியைத் தவிர வேறு வீடு இல்லை.

இந்த நிலை ஏன் ஏற்பட்டது? 2008 இன் நிதி நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோரின் கதையை ஜெசிக்கா புரூடர் 2017 இல் 'நோமட்லாண்ட்' என்ற நூலாக எழுதினார். அதைத் தழுவி குளோயி ஜாவோ இயக்கிய திரைப்படம் 2021 இல் மூன்று ஒஸ்கார் விருதுகளை வென்றது. நெருக்கடி தணிந்த பின்னரும் கணக்கு மாறிவிடவில்லை. 2025 இல் அமெரிக்காவில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவருக்குச் சமூகப் பாதுகாப்பு நிதியத்திலிருந்து கிடைத்த சராசரித் தொகை மாதமொன்றுக்கு ஏறத்தாழ 2,000 டொலர். இது சராசரி மட்டுமே. இதனிலும் குறைவாகப் பெறுவோர் மிகப் பலர். வாடகை கொடுத்தால் உணவுக்கு மிஞ்சாது என்ற நிலையில், வாடகையை ஒழித்துவிடுவது என்று அவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

இவர்களைப் பற்றி எழுதுவோர் இரு பிரிவினர். ஒரு சாரார் இதனைச் சுதந்திரம் என்று கொண்டாடுகிறார்கள். மறுசாரார் அநாதரவு என்று இரங்குகிறார்கள். இரு சாராருமே இவர்களது முதற் குளிர்காலத்துக்கான ஆயத்தப் பட்டியலை ஊன்றிப் படித்தவர்களாகத் தெரியவில்லை. ஒரு வீடு நமக்காகச் சத்தமின்றிச் செய்துவரும் காரியங்கள் எத்தனை என்பதை அப்பட்டியல் போல வேறெதுவும் எடுத்துரைப்பதில்லை.

முதலில் குளிர். பாலைநிலத்தில் காற்று வறண்டது. வானில் முகில் இல்லை. பகலில் நிலம் பெற்ற வெப்பம் இரவில் தடையின்றி மேலெழுந்து போய்விடுகிறது. ஜனவரியில் குவார்ட்ஸ்சைட்டில் நண்பகல் 20 பாகை செல்சியஸ் அளவில் இதமாக இருக்கும். விடியற்காலையில் அது 5 பாகை அளவுக்கு இறங்கிவிடும். இது தாழ்நிலத்தின் கணக்கு. உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பநிலை ஆறு, ஏழு பாகை குறையும் என்பது பொது விதி. அதே அரிசோனாவில், 2,100 மீற்றர் உயரத்திலுள்ள பிளாக்ஸ்டாவ் நகரம் பனியில் மூடிக் கிடக்கும். எனவே முதற் குளிர்காலத்துக்குச் செல்பவர் வரைபடத்தில் பார்க்கவேண்டியது தூரத்தை அல்ல, உயரத்தையே.

மினி வானின் கூரை தாழ்வானது. உள்ளிருக்கும் காற்று குறைவு. ஆனால் சுற்றிலும் கண்ணாடி. வெப்பம் வெளியேறும் வழி அதுவே. ஆகவே வெள்ளித்தாள் ஒட்டிய குமிழ்த் தகட்டினை ஒவ்வொரு யன்னலின் அளவுக்கும் வெட்டிப் பொருத்துகிறார்கள். வண்டியைச் சூடாக்காதே, உடலைச் சூடாக்கு என்பது அனுபவசாலிகளின் அறிவுரை. கம்பளி உடை, நல்ல உறக்கப் பை, காலடியில் ஒரு சுடுநீர்ப் பை ஆகியவை எந்த அடுப்பையும்விட நம்பகமானவை.

அடுப்புத்தான் ஆபத்து. மூடிய வண்டிக்குள் புரொப்பேன் எரிவாயு அடுப்பை எரிய விட்டபடி உறங்கினால், நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு உறங்குபவரை எழும்பவே விடாது. அந்த வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவியும், இருபுறமும் சிறிது திறந்து வைத்த யன்னலும் உயிர்காப்பவை. யன்னலைத் திறப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூச்சிலிருந்து வெளிவரும் ஈரம் கண்ணாடியில் படிந்து வழிந்து, படுக்கையை நனைத்துப் பூஞ்சணம் பிடிக்கச் செய்துவிடும். குளிரைத் தடுக்க அடைக்கவும் வேண்டும்; மூச்சு விடத் திறக்கவும் வேண்டும். சுவரும் புகைபோக்கியும் உள்ள வீட்டில் வாழ்பவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்திராத சிக்கல் இது.

மின்சாரமும் அப்படியே. டிசம்பரில் அங்கு இரவு 14 மணித்தியாலம் நீள்கிறது. சூரியன் தாழ்வாகச் செல்வதால், கூரையில் தட்டையாகப் படுத்திருக்கும் சூரிய மின்தகடு கோடையில் தருவதன் பாதியிலும் குறைவாகவே தரும். இலிதியம் மின்கலத்தைப் பூச்சியத்துக்குக் கீழான குளிரில் மின்னேற்றினால் அது கெட்டுவிடும். வெளிச்சம் வேண்டிய காலத்திலேயே அது அரிதாகிறது.

இவையெல்லாம் பொருட்கள், பணமும் பொறுமையும் இருந்தால் சேர்த்துவிடலாம். எங்கே நிறுத்துவது என்பதே இதனிலும் பெரிய கேள்வி. கூட்டாட்சி அரசின் நில முகாமைத்துவப் பணியகத்துக்குரிய பாலைநிலத்தில் பெரும்பாலான இடங்களில் 14 நாட்கள் வரை இலவசமாகத் தங்கலாம். பின்னர் இடம்மாற வேண்டும். மாறாக, 1983 இல் தொடங்கப்பட்ட நெடுநாள் தங்குமிடங்கள் சில உள்ளன. குவார்ட்ஸ்சைட்டை அடுத்த லா போசா அவற்றில் ஒன்று. செப்டெம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையான ஏழு மாதங்களுக்கு அங்கு பல ஆண்டுகளாக அறவிடப்பட்டு வந்த கட்டணம் 180 டொலர். மாதக் கணக்கில் 26 டொலர்கூட ஆகவில்லை. குடிநீர், கழிவகற்றும் வசதி, கழிப்பிடம் ஆகியவை கிடைக்கும். கழிவுநீர்த் தொட்டியில்லாத வண்டிகள் கழிப்பிடத்திலிருந்து 500 அடிக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. மினி வான்காரருக்கு இது முக்கியம்.

புதியவர்களிற் பலர் இலவச நிலத்தின் தனிமையைத் தேடிச் செல்கிறார்கள். முதற் குளிர்காலத்துக்கு அது தவறான தெரிவு என்பதே எனது உறுதியான கருத்து. அந்த 180 டொலருக்குக் கிடைப்பது நீரும் கழிப்பிடமும் மட்டுமல்ல, அயலும்தான். காலையில் யன்னல் மறைப்பு அகற்றப்படாவிட்டால் வந்து தட்டிப் பார்க்க ஒருவர் இருக்கிறார். மழை வந்தால் வெள்ளம் பாயும் காய்ந்த ஓடைக்குள் வண்டியை நிறுத்தாதே என்று எச்சரிக்க ஒருவர் இருக்கிறார். அலாஸ்காவில் 1990களில் ஒரு பழைய பாரவண்டியில் குடியேறிய பொப் வெல்ஸ், 2010களின் தொடக்கத்திலிருந்து ஜனவரி மாதங்களில் இந்நாடோடிகளைப் பாலைவனத்தில் ஒன்றுகூட்டி வந்தமையின் பொருளும் இதுவே. தனித்து வாழத் துணிந்தவர்களும் ஒருவரையொருவர் தேடியே வந்தார்கள்.

ஆனால் அயலவர் செய்யவியலாதனவும் உண்டு. அமெரிக்க முதியோருக்கான மெடிகெயர் காப்புறுதியின் அடிப்படைத் திட்டம் வழமையான பல் சிகிச்சையை உள்ளடக்குவதில்லை. அதனால் இவர்கள் யூமா நகருக்கு அருகே எல்லையை நடந்து கடந்து, மெக்சிக்கோவின் லொஸ் அல்கொடொனெஸ் ஊரில் பல் வைத்தியரைத் தேடுகிறார்கள். நகரங்களிலோ சட்டம் துரத்துகிறது. பொது இடத்தில் உறங்குவோரைத் தண்டிக்கும் நகரக் கட்டளைகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2024 ஜூன் 28 அன்று, கிரான்ட்ஸ் பாஸ் நகரத்தின் வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வண்டிக்குள் உறங்குவதைத் தடைசெய்யும் நகரங்களும் உள்ளன. ஆகவே பாலைவனத்துக்குப் போவது இளவெயிலைத் தேடி மட்டுமன்று. தட்டி எழுப்பி விரட்டப்படாமல் ஓர் இரவு உறங்குவதற்காகவும்தான்.

இம்மனிதர்களின் ஆயத்தத்தை நான் மதிக்கிறேன். அறுபது வயதுக்கு மேல், யன்னலளவு எடுப்பதையும் மின்கலத்தின் இயல்பையும் நிலத்தின் உயரத்தையும் கற்றுக்கொள்பவர் இரக்கத்துக்குரியவர் அல்லர். ஆனால் அவரது திறமையைப் புகழ்ந்துவிட்டு அரசு தன் பொறுப்பைக் கழுவிக்கொள்ள முடியாது. உழைத்து ஓய்ந்த மனிதருக்குக் கட்டக்கூடிய வாடகையில் ஒரு கூரை கிடைக்கச் செய்வது ஒரு சமூகத்தின் ஆயத்தம். அது செய்யப்படாத இடத்திலேயே ஒவ்வொருவரும் தனித்தனியே ஆயத்தமாக வேண்டியிருக்கிறது. குறைந்த பட்சம், ஏழு மாதங்களுக்குச் சட்டபூர்வமாக நிறுத்திக்கொள்ள ஓரிடமும், நீரும், கழிப்பிடமும் தரும் அந்தப் பாலைவன ஏற்பாட்டை நகரங்களும் பின்பற்றலாம். பெருஞ்செலவு பிடிக்காத இக்காரியத்தை ஒரு நில முகாமைத்துவப் பணியகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறது. நகர சபைகளால் செய்ய முடியாது என்று சொல்வதை நம்புவதற்கில்லை.