வீட்டுக் கணக்கு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சர்க்காருக்கும் இந்தப் பழமொழி பொருந்தும். ஆனால் சர்க்கார் வீட்டைக் கட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கமிஷனைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். வீட்டுத் தரகர் வாங்கும் கமிஷன் வேறு; இது வேறு. தரகர் வீட்டைக் காட்டிவிட்டுத்தான் கமிஷன் கேட்பார். சர்க்கார் கமிஷனோ முதலில் வந்துவிடும்; வீடு பின்னால் வந்தாலும் வரும்.

கமிஷன்களே வேண்டாம் என்று நாம் சொல்வதாக வாசகர்கள் நினைக்கக் கூடாது. அவற்றின் அறிக்கைகளைப் பொறுமையாகப் படித்தால் நல்ல விஷயங்கள் எத்தனையோ அகப்படுகின்றன. சிற்பக் கலைஞருக்கு நிகரான கட்டட நிபுணர் சார்லஸ் கோரியாவின் தலைமையில் தேசிய நகரமயக் கமிஷன் ஒன்று 1985-ல் நியமிக்கப்பட்டு, 1988-ல் அறிக்கை கொடுத்தது. ஏழையின் வீட்டைப் பற்றிப் பேசும்போது நிலம், வேலை, போக்குவரத்து ஆகிய மூன்றையும் சேர்த்தே பேச வேண்டும் என்பதை வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தி வந்தவர் கோரியா. பிறகு 2012-ல் பேராசிரியர் அமிதாப் குண்டுவின் தலைமையிலான நிபுணர் குழு, இந்திய நகரங்களில் 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம் வீடுகள் குறைவாக இருப்பதாகக் கணக்கிட்டது.

இந்த எண்ணைக் கண்டதும், இத்தனை பேரும் நடைபாதையில் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வீடே இல்லாத குடும்பங்கள் சுமார் 5 லட்சத்து 30 ஆயிரந்தான். ஏறக்குறைய 1 கோடியே 50 லட்சம் குடும்பங்கள் நெருக்கடியில் வாழ்கிறவை. அதாவது மணமான தம்பதிக்குத் தனி அறை ஒன்று இல்லாத வீடுகளில் காலந்தள்ளுகிறவை. இந்தக் குறைபாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் ஏழைகளுடையதும் குறைந்த வருமானக்காரர்களுடையதுமாகும். இதற்கு நேர்மாறாக, 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி நம் நகரங்களில் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாகப் பூட்டிக் கிடந்தன! ஒரு பக்கம் ஆள் இல்லாத வீடு; இன்னொரு பக்கம் வீடு போதாத ஆள். கமிஷன்கள் நமக்குச் செய்யும் பேருபகாரம், இப்படிப்பட்ட உண்மைகளை எண்களோடு எடுத்துக் காட்டுவதுதான்.

ஆயினும் எண்ணிக்கையில் வராத விஷயம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொள்ள அனகாபுத்தூர் வரையில் போய்வர வேண்டும்.

பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் அப்பால், அடையாற்றின் கரையில் உள்ள ஊர் அது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்க்கப்படும் வரையில் தனி நகராட்சியாக இருந்தது. தறிச் சத்தத்துக்குப் பேர் போன ஊர். இங்கே நெய்த மதராஸ் கைக்குட்டைத் துணி கடல் தாண்டி நைஜீரியாவுக்குப் போயிற்று. பின்னர் அந்த வியாபாரம் க்ஷீணித்தபோது, வாழை நாரில் சேலை நெய்து பிழைக்க வழி தேடிக்கொண்ட சாமர்த்தியசாலிகளும் இவ்வூரார்தான்.

2015 டிசம்பர் ஆரம்பத்தில் அடையாறு பொங்கியதை நாம் மறந்திருக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து மட்டும் விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஆற்றுக்கு இடம் விடாவிட்டால் ஆறு தானே இடம் எடுத்துக்கொள்ளும் என்பதை அன்று பட்டணம் முழுவதும் கற்றுக்கொண்டது. ஆகையால் ஆற்றை அகலப்படுத்தவும் கரையைச் செப்பனிடவும் சர்க்கார் முனைந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த முயற்சியின் பகுதியாக 2025 மே மாதத்தில் அனகாபுத்தூர் ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கே பல்லாண்டு காலம் குடியிருந்தவர்களுக்குக் கீரப்பாக்கம், பெரும்பாக்கம் முதலிய இடங்களில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. பள்ளிக்கூடங்கள் திறப்பதற்கு அப்போது சில நாட்களே பாக்கியிருந்தன.

கமிஷன் கணக்கில் இது லாபக் கணக்கு. ஆற்றோரத்து வீடு போயிற்று. கான்கிரீட் வீடு வந்தது. குறைபாட்டில் ஒன்று கழிந்தது. ஆனால் பம்மலில் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கி ஜீவனம் செய்த ஸ்திரீ, வண்டலூருக்கும் அப்பாலுள்ள கீரப்பாக்கத்திலிருந்து விடியற்காலையில் எப்படி வந்து சேருவாள்? பஸ்ஸுக்குக் கொடுத்தது போகக் கூலியில் என்ன மிஞ்சும்? இந்தக் கேள்விக்கு எந்த அட்டவணையிலும் இடம் இல்லை. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்த உண்மையைத்தான் எடுத்துரைத்தது. உயிர் வாழும் உரிமையில் ஜீவனோபாயமும் அடங்கும். இருப்பிடத்தைப் பறித்தால் பிழைப்பையும் பறித்ததாகும் என்று அது கூறிற்று.

இன்னொரு சங்கதி. அதே அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டி அதன்மேல் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை நீண்டு கிடக்கிறது. அதைப் பெயர்த்தெடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆகாய விமானத்துக்காக ஆற்றைத் தாண்ட உபாயம் கண்டுபிடித்த நம் எஞ்சினீயர்களுக்கு, ஆற்றங்கரை ஏழைக்கு அவன் ஊரிலேயே இடம் தேடித் தரும் உபாயம் தெரியாமற் போகுமா என்றுதான் கேட்கிறோம்.

இது நம் நாட்டில் நடக்காத காரியமும் அல்ல. 1970-ல் ஆரம்பிக்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், தொடக்க காலத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளை எழுப்பிற்று. கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று ஜனங்களைப் பட்டணத்தின் எல்லைக்கு அனுப்பும் வழக்கம் பின்னால் வந்தது. 2021-ல் வாரியத்துக்கு 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். அதே வருஷத்தில் மறுகுடியமர்வுக் கொள்கை நகல் ஒன்றையும் வெளியிட்டுப் பொதுஜன அபிப்பிராயம் கேட்டார்கள். 'வாழ்விடம்' என்பது அழகான சொல். வாழ்வும் இடமும் சேர்ந்திருந்தால்தான் அந்தச் சொல் நிற்கும். இரண்டுக்கும் நடுவே இருபது மைல் இருந்தால் நிற்காது.

ஆகவே, இனிமேல் வீட்டு வசதியை ஆராயப் புகும் எந்தக் கமிஷனுக்கும் நமது விண்ணப்பம் இதுதான். வீட்டை எண்ணும் பத்தியோடு இன்னும் மூன்று பத்திகளை அட்டவணையில் கூட்டிக்கொள்ளுங்கள்: வேலைக்கு எத்தனை தூரம், பள்ளிக்கூடத்துக்கு எத்தனை தூரம், குடியிருப்பவர்களைக் கேட்டாயிற்றா? சாட்சியம் விசாரிக்கும் கூட்டங்களில் ஒன்றையாவது கோட்டையில் கூட்டாமல், அனகாபுத்தூர் ஆற்றங்கரையில் கூட்டுங்கள். விடியற்காலையில் கூட்டினால் இன்னும் விசேஷம். கீரப்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வேலைக்கு வந்து இறங்குகிறவர்களையும் அப்போது விசாரித்துவிடலாம்.