ஏழாம் மாதத்து இடமாற்றம்



அத்திப்பட்டு புதுநகரிலிருந்து ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். மகளுக்கு எட்டாம் மாதத்தில் பி.பி. ஏறி, ஆறு வாரம் முன்னதாகவே அறுவை செய்து எடுத்த பேரன். "எட்டு மாசம் முடிஞ்சிடுச்சு, இன்னும் தானா உட்காரலை. பக்கத்து வீட்டுப் புள்ள தவழ்ந்து வாசலுக்கே வந்துடுச்சு. அந்த பி.பி. இவன் மூளையைத் தொட்டுடுச்சா?" என்று கேட்கிறார்.

குறைமாதப் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கும்போது வயதை டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும் பாட்டி. அப்படி எண்ணினால் உங்கள் பேரனுக்கு ஆறரை மாதம்தான். பிடிமானமின்றி உட்கார ஒன்பது மாதம் வரை எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. இரண்டு வயது வரை இதே கணக்குதான். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியைப் பாருங்கள். ஆனால் தலை நிற்காமல் துவண்டாலோ, எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டினாலோ, சத்தம் கேட்டுத் திரும்பாவிட்டாலோ எந்தக் கணக்கும் வேண்டாம். உடனே குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். பயிற்சி தேவைப்பட்டால் அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அவர் அனுப்புவார்.

மூளை விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்ப காலத்தில் பி.பி. ஏறும் இந்த நோயில் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சரியாக விரிவதில்லை. பிள்ளைக்கு வரும் ரத்தம் குறைகிறது, எடை ஏறுவதில்லை. தாயின் உயிருக்காக டாக்டர் முன்கூட்டியே பிரசவம் பார்க்கிறார். குழந்தைக்கு வரும் பாதிப்பில் பெரும்பங்கு இந்தக் குறைமாதத்தாலும் குறை எடையாலும் வருவதுதான். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வந்த ஒரு கட்டுரை, இத்தகைய பிள்ளைகளிடம் ஆட்டிசமும் கவனக்குறைவுக் கோளாறும் சற்றே கூடுதலாகக் காணப்படுவதாகச் சொன்னது. பி.பி.தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள்.

பி.பி. ஏறி அறுவை செய்தார்கள் என்பதற்குமேல் பாட்டியின் கடிதத்தில் மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளை பிறந்ததும் பி.பி. இறங்கிவிடும் என்று நாமே முடிவுகட்டி விடுகிறோம். பிரசவத்துக்குப் பிறகும் ஜன்னி, அதாவது பி.பி.யால் வரும் வலிப்பு, வரலாம். ஆறு வாரம் வரை விடாமல் பார்க்க வேண்டும். பின்னாளில் ரத்தக் கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு இந்தத் தாய்மார்களுக்கு அதிகம். அடுத்த பிரசவம் என்றால் மூன்றாம் மாதத்திலேயே டாக்டரிடம் பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும். குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவதானால் 16 வாரத்துக்குள் தொடங்குவதுதான் பலன் தரும்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது நம் சீமந்தம். பழக்கத்தின் மேல் எனக்குக் குறையில்லை. வளையலும் கலவை சாதமும் எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்த நோய் தலைகாட்டுவது இருபது வாரத்துக்குப் பிறகு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில்தான் அதிகம். சரியாக அந்த நேரத்தில் சீமந்தம் முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். மாதா மாதம் பார்த்த நர்ஸம்மா மாறுகிறார், ஆரம்ப சுகாதார நிலையம் மாறுகிறது. போன மாதம் 110/70 இருந்தது இந்த மாதம் 136/86 என்றால் பழைய நர்ஸம்மா புருவத்தை உயர்த்துவார். புதியவருக்கு அது 140/90-க்குக் கீழே உள்ள ஓர் எண், அவ்வளவுதான். புடவைப் பெட்டியை மறக்காமல் ஏற்றும் நாம், தாய் சேய் நல அட்டையை மாமியார் வீட்டு பீரோவிலேயே விட்டுவிடுகிறோம். கர்ப்பத்தைப் பதிவு செய்த பிக்மி எண் எதுவென்று கேட்டால் கணவருக்குப் போன் போகிறது.

இன்னொன்று. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்த மூச்சோடு பி.பி. பார்க்க உட்காராதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். முகமும் கையும் வீங்கி, விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்றில் வலி என்றால் பார்லிக் கஞ்சி வைத்துக்கொண்டிராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உப்பை நிறுத்தினாலும் இது நிற்காது.

ஜன்னிக்கு ஒருகாலத்தில் இந்தியா முழுதும் பின்பற்றிய வைத்தியம் நம் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிலிருந்து போனது. டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனன் (அரசியல்வாதி அல்ல, இவர் வேறு) மூன்று மருந்துகளைக் கலந்து கொடுத்த முறையை 1961-ல் எழுதினார். 1995-ல் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வுக்குப் பிறகு மக்னீசியம் சல்பேட் ஊசி முன்னுக்கு வந்தது. அதே ஊசி, மிகக் குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைக்குப் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பையும் குறைக்கிறது.

பிள்ளையின் எடையைப் பேசும்போது, பாட்டியின் அத்திப்பட்டில் மொட்டை மாடித் துணியில் படியும் அனல்மின் நிலையச் சாம்பலையும் விட்டுவிட முடியாது. ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தினர் தமிழ்நாட்டில் 1,285 தாய்மார்களைப் பின்தொடர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், காற்றில் நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை 4 கிராம் குறைந்தது. ஒரு பிள்ளைக்கு அது சொற்பம்தான். ஆனால் அந்தக் காற்றை மூச்சிழுப்பது ஊரிலுள்ள கர்ப்பிணிகள் அத்தனை பேரும்.

ஏழாம் மாதத்தில் ஊர் மாறிப் போனவர்கள், அங்கே உங்கள் அட்டையை யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்