ஆரணி ஏரிகளில் தவளையையும் எண்ணுங்கள்

வனத்துறை ஆண்டுதோறும் பறவைகளைக் கணக்கெடுக்கிறது. பைனாகுலரும் நோட்டுமாகத் தன்னார்வலர்கள் ஏரிக்கரைகளில் இறங்குகிறார்கள். நல்ல பழக்கம்தான். அதே கரையில் அவர்கள் காலடியில் கிடக்கும் தவளைக்கும் ஆண்டுக்குச் சில இரவுகளை ஒதுக்க வேண்டும். அதை ஆரணியில் தொடங்க வேண்டும் என்கிறோம்.

ஆரணிக்குப் பேர் வாங்கித் தந்தவை பட்டும் அரிசியும். இரண்டுமே தண்ணீரை நம்பிய தொழில்கள். ஜவ்வாது மலையிலிருந்து செண்பகத்தோப்பு அணை வழியாக வரும் கமண்டல நாகநதியும் சுற்றியுள்ள ஏரிகளும்தான் இந்த வட்டாரத்துக்கு ஆதாரம். பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை எடுக்கும்போது, எடையில் ஏறக்குறைய கால் பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. அடுத்தது சாயத்தொட்டி. தொட்டியில் மிஞ்சியது எங்கே போய்த் தங்குகிறது? பரிசோதனைக்கூடச் சீட்டு, மாதிரி எடுத்த அன்றைய நிலவரத்தைத்தான் சொல்லும். தவளை அந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளர்கிறது. அதன் முட்டைக்கு ஓடு கிடையாது. தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது. தலைப்பிரட்டையாக நீரில், வளர்ந்தபின் வரப்பில் என்று இருப்பதால், ஏரி கெட்டாலும் வயல் கெட்டாலும் அடி அதற்குத்தான்.

உலகில் ஆராயப்பட்ட 8,011 நீர்நில வாழ்வன இனங்களில் சுமார் 41 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. நம் வயல் தவளைகள் பெரும்பாலும் அந்த ஆபத்துப் பட்டியலில் இல்லை. எங்கும் கிடக்கிறது என்று நினைப்பதாலேயே, குறைந்தாலும் நமக்குத் தெரியாமல் போகிறது. இந்தியாவிலிருந்து தவளைக்கால் ஏற்றுமதி 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன்னை எட்டியது. வயல்களில் பூச்சி தின்ன ஆளில்லாமல் போகிறது என்ற எதிர்ப்பு வலுத்த பிறகு, 1987இல்தான் அரசு அதற்குத் தடை போட்டது.

எண்ணுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நல்ல மழை கொட்டிய இரவில் பெரிய வயல்தவளையின் ஆண், மஞ்சள் பூசிக்கொண்டதுபோல நிறம் மாறி, தொண்டையின் இருபுறமும் நீலப் பைகளை உப்பவைத்துக் கத்தும். ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குரல் உண்டு. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கணக்கெடுப்பவருக்கு அந்த வாய்தான் வசதி. கைப்பேசியில் பதிவுசெய்தால் போதும். ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017இல் இதற்கென்றே ஒரு செயலி வெளியிட்டது. மக்கள் அனுப்பும் ஒலியைக் கேட்டு வல்லுநர்கள் இனம் பிரிக்கிறார்கள். ஆனால் ஒரு வருடக் கணக்கு எதையும் சொல்லாது. அதே ஏரிகளில், அதே பருவத்தில், ஆண்டு தவறாமல் எடுக்க வேண்டும். சாயம் எட்டாத மலையடிவார ஏரி ஒன்றையும் ஒப்பிடுவதற்காகச் சேர்க்க வேண்டும்.

தறிக்காரர் பிழைப்பே தள்ளாடும்போது தவளைக் கணக்கு ஒரு கேடா என்று சிலர் கேட்கலாம். திருப்பூரைப் பாருங்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டது ஊருக்கே தெரிந்தும் காலம் கடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. கதவு மூடியபோது முதலில் தெருவுக்கு வந்தவர் கூலிக்காரர். ஆரணியில் கெடுதல் இருந்தால் அது சிறிதாக இருக்கும்போதே தெரியட்டும். அப்போது சுத்திகரிப்புச் செலவைச் சின்னப் பட்டறைக்காரர் தலையில் கட்டாமல் அரசே ஏற்கச் சொல்லி வாதாட, கையில் ஒரு கணக்காவது இருக்கும். கணக்கு நன்றாக வந்தால், ஆரணிப் பட்டை விற்பவருக்கு அதைவிட நல்ல விளம்பரம் ஏது?

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அடுத்த பருவமழைக்குள் ஆரணி நகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அதில் தவளைக்கென ஒரு பகுதியைத் திறக்கட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதே ஏரிகளில் அதே வாரத்தில் நீர் மாதிரி எடுத்து, இரண்டு கணக்கையும் நகராட்சி அலுவலகப் பலகையில் சேர்த்தே ஒட்ட வேண்டும். கல்லூரி மாணவர்களை அழைத்துப் போகலாம். டார்ச்சும் முழங்கால் வரை பூட்ஸும் தேவை. தவளை கத்தும் கரையில் பாம்பும் இருக்கும் என்பதால், அதைப் பற்றித் தெரிந்த வனக்காவலர் ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும்.