தறி இல்லாமலும் துணி உண்டு!



சென்ற மாதம் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். "ஸ்டிச் பாண்டிங்னா என்ன தம்பி?" என்று கேட்டார்கள். "நீடில் பஞ்சிங்தான் சார்" என்று துணிந்து அடித்துவிட்டேன். சிரித்தார்கள். வேலையும் போச்சு. 'நான்-ஓவன்ல ரெண்டு மார்க் கேள்விதான் வரும், விட்டுத் தள்ளுடா' என்று தாண்டிய பாடம்தான் காலை வாரிவிட்டது.

பிறகு உட்கார்ந்து படித்தேன். நீடில் பஞ்சிங்கில் முள் ஊசிகள் இழைகளைச் சிக்கவைக்கும், கண்ணி கிடையாது. ஸ்டிச் பாண்டிங்கோ வார்ப் நிட்டிங்கின் தம்பி. கார்டிங்கில் வந்த வெப்பை மடித்து அடுக்கி உள்ளே அனுப்ப, கூட்டு ஊசி அதைத் துளைத்துப் போய், நூலைக் கொக்கியில் மாட்டித் திரும்பி வந்து கண்ணி போடுகிறது. இது மாலிவாட். தனி நூலே இல்லாமல், வெப்பின் இழைகளையே இழுத்துக் கண்ணி போட்டால் மாலிஃப்லீஸ். ஊடை நூல்களைப் பரப்பி வைத்துத் தைத்தால் மாலிமோ. ஜெர்மனியில் சாக்சனியைச் சேர்ந்த ஹைன்ரிஷ் மாவர்ஸ்பெர்கர் 1949-ல் காப்புரிமை கோரிய முறை இது. அவர் பெயரில் 'மா', லிம்பாக் என்ற ஊர்ப்பெயரில் 'லி'!

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 240 பிக் அடிக்கும் தறி, அங்குலத்துக்கு 60 பிக் என்றால், 4 அங்குலம் நெய்யும். நிமிடத்துக்கு 1000 தையல், தையலுக்கு 2 மி.மீ. என்றால் 2 மீட்டர் துணி!

"அதுல சட்டை தைக்க முடியுமா?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நெய்த சட்டைத் துணியின் மென்மையும் மடிப்பும் இதில் வராதுதான். ஆனால் துணி என்றால் சட்டை மட்டும்தானா? துடைக்கும் துணி, காலணி உள்துணி, மெத்தை உறை என்று இதன் பட்டியல் நீளம். முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய இறக்கைகளுக்குக் கண்ணாடி இழைகளைப் பல திசைகளில் அடுக்கித் தைத்துப் பிணைக்கிறார்கள். நெய்தால் இழை வளையும். தைத்தால் நேராக நின்று பலம் தரும்.

தறியை மறக்கச் சொல்லவில்லை. தறி மட்டுமே டெக்ஸ்டைல் என்ற நினைப்பைத்தான் மறக்கச் சொல்கிறேன். நூற்பாலையையே நாலாவது தடவை சுற்றிப் பார்ப்பதற்குப் பதில், அடுத்த ஆண்டு ஒரு நான்-ஓவன் ஆலைக்கு நம் மாணவர் மன்றம் ஏற்பாடு செய்யட்டும். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கும் இரண்டு பேராவது இதை எடுக்கட்டும்.

எனக்குப் போன வேலை போகட்டும். உங்களுக்காவது கிடைக்கட்டும்!