ஆய்ந்து ஏற்கும் அவையில் தமிழ் எங்கே?

ஒரு மொழியின் வலிமையை மேடை முழக்கங்களைக் கொண்டு அளத்தல் இயலாது. அம்மொழிக்குரியார் தம் அறிவுவினைகளை அம்மொழியால் ஆற்றுகின்றனரா என்பதே அதற்கு உரைகல். இதனை விளக்குதற்கு, இலக்கிய அரங்குகட்கு நெடுந்தொலைவில் உள்ள ஒரு துறையை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். புதிதாக எழுதப்பெறும் வலையமைப்புக் கருவி இயக்கி ஒன்றை வரி வரியாக ஆய்ந்து ஏற்கும் பணியே அது.

கணினியை வெளியுலகோடு இணைக்கும் அட்டை ஒன்று புதிதாகச் செய்யப்பெறுகின்றது எனக் கொள்வோம். அவ்வட்டையின் போக்கு, கணினியின் இயங்குதளத்திற்குத் தெரியாது. இரண்டிற்கும் இடையே நின்று ஒன்றன் குறிப்பை மற்றொன்றற்கு உணர்த்தும் நிரலையே இயக்கி என்கின்றோம். இலினக்சு என்னும் இயங்குதளத்தை 1991-ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த இலினசு தோர்வால்டுசு தொடங்கினார். இன்று பல நாட்டு நிரலாளரும் கூடி அதனை வளர்க்கின்றனர். அதன் உட்கருவில் ஓர் இயக்கி இடம்பெற வேண்டுமாயின், அது மின்னஞ்சல் வழியே எல்லார் பார்வைக்கும் வைக்கப்பெறுதல் வேண்டும். எழுதியவர் பெருங்குழுமம் ஒன்றன் தலைமைப் பொறிஞராயினும் கல்லூரி மாணவராயினும் நுழைவாயில் ஒன்றே.

இவ்விடத்து நம்மவர் கருத வேண்டுவது ஒன்றுண்டு. நிரலை ஆய்பவரிடம் பெரும்பாலும் அந்த அட்டையே இராது! இயக்கிப் பார்த்து, "ஓடுகின்றது, ஏற்கலாம்" என்று சொல்ல அவரால் இயலாது. அவர்முன் இருப்பவை நிரலின் எழுத்தும் அதற்கு எழுதப்பெற்ற விளக்கவுரையுமே. எனவே அவர் படித்தே ஆய்கின்றார், வினவியே தெளிகின்றார்.

அவர் வினவுவன யாவை? நினைவகத்தில் இடம் கேட்டுக் கிடைக்காவிடின் இந்நிரல் என் செய்யும்? நான்கு வளங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்று, ஐந்தாவது கிட்டாதபோது, பெற்ற நான்கையும் தலைகீழ் வரிசையில் திருப்பித் தருகின்றதா? நடுவச் செயலியின் துணையின்றி அட்டை தானே எழுதுவதற்கு ஒதுக்கிய நினைவகப் பகுதி முறையாக அமைந்ததா எனத் தேர்ந்தபின்பே அதன் முகவரி அட்டைக்குத் தரப்பெறுகின்றதா? காத்திருத்தல் கூடாத இடத்தில் நிரல் காத்திருக்கின்றதா? அட்டையைக் கழற்றிய பின்னும், முன்னரே ஏவிவிட்ட வேலை ஒன்று எஞ்சி நின்று, விடுவித்துவிட்ட நினைவகத்தைத் தொடுமா? இவ்வினாக்கள் அனைத்தும் எல்லாம் செவ்வனே நடக்கும் நாளைப் பற்றியன அல்ல. ஏதேனும் ஒன்று முறியும் நாளைப் பற்றியன. பழுது ஒளிந்திருப்பது ஆள் நடமாட்டமற்ற அவ்வழிகளில்தான்.

இத்துணைக் கடுமை எற்றுக்கு எனின், அப்பணியின் விரைவைக் காண்க. நொடிக்கு 1000 கோடித் துணுக்கு செல்லும் இணைப்பொன்றில், மிகச் சிறிய தரவுப் பொதிகளாக வந்தால், ஒரு நொடியில் ஏறத்தாழ 1 கோடியே 48 இலக்கம் பொதிகள் வரும். ஒரு பொதிக்கு வாய்க்கும் பொழுது, நொடியை நூறு கோடிக் கூறாக்கின் அவற்றுள் 67 கூறே. இவ்விரைவில், கோடியில் ஒருமுறை நேரும் பிழையும் ஒரு நொடிக்குள் நேர்ந்துவிடும். இயக்கியோ உட்கருவின் உள்ளே அமர்ந்திருப்பது. அது தடுமாறின் கணினி முழுமையும் வீழும்.

எழுத்தொழுங்கிலும் அவர்கள் தளர்வதில்லை. ஓர் உள்தள்ளல் 8 எழுத்தகலம் இருத்தல் வேண்டும். வலையமைப்புப் பகுதியிலோ, மாறிகளை அறிவிக்கும் வரிகளுள் நீண்டது முதலிலும் குறுகியது இறுதியிலும் நிற்றல் வேண்டும். ஒரு தொகுதியில் 15 திருத்தங்கட்கு மேல் அனுப்புதல் கூடாது. திருத்திய நிரலை 24 மணி நேரம் கழியுமுன் மீண்டும் அனுப்புதலும் கூடாது. பிறர் படித்துக் கருத்துரைக்கப் பொழுது வேண்டுமன்றோ? ஒற்றுப்பிழையைச் சுட்டினால், "இதெல்லாம் ஒரு பிழையா?" என்று நம்மை எள்ளி நகையாடுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் எழுதியவரின் கையொப்ப வரி இருத்தல் வேண்டும். 2004-ஆம் ஆண்டு தொட்டு நிலவும் இம்முறையால், "இதனைத் தர எனக்கு உரிமையுண்டு" என அவர் உறுதி கூறுகின்றார். அவ்வுறுதியும் ஆய்வும் எத்துணைப் பெறுமதியுடையன என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டியது. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், இம்முறையின் விழிப்பை அளந்து பார்க்கப் பழுதுள்ள திருத்தங்களை வேண்டுமென்றே அனுப்பினர். 2021-இல் அது பெரும் பூசலாயிற்று. அப்பல்கலைக்கழகத்தினின்று வருவனவற்றை ஏற்பது நிறுத்தப்பெற்றது. முன்பு ஏற்றவையும் மீண்டும் ஆராயப்பெற்றன. ஆய்வாளர் பிழை பொறுக்குமாறு வேண்டித் தம் ஆய்வுரையைத் திரும்பப் பெற்றனர். ஆய்வு முறையிலும் ஓட்டையுண்டு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது உண்மையே. ஆயினும், பெயரிட்டுப் பொறுப்பேற்கும் நெறி இருந்தமையாலன்றோ எவை எவரிடமிருந்து வந்தன எனத் தேடிக் காண முடிந்தது?

இனி நம் வினாவிற்கு வருவோம். இப்பணி முழுமையும் சொல்லால் நடப்பது. "இம்மாற்றம் ஏன் வேண்டும்?" என்பதை விளங்க உரைக்க மாட்டாதவரின் நிரல், எத்துணை நன்றாயினும், வாயிலிலேயே நிற்கும். நம் பொறிஞர்க்கு நிரலெழுதும் திறன் குறைவா? இல்லை. கரணியம் கூறும் திறன் தாய்மொழியில் வளராமல், கடன்மொழியிலும் நிரம்பாமல், இடைநடுவில் நிற்பதே அவருள் பலர்க்குற்ற இடர்.

இலினக்சு உட்கருவின் விளக்க ஆவணங்களில் மொழிபெயர்ப்புகட்கெனத் தனிப்பகுதி ஒன்று உண்டு. சீனம், சப்பானியம், கொரியம், இத்தாலியம், இசுப்பானியம் ஆகிய மொழிகள் ஆங்கு இடம்பெற்றுள்ளன. தமிழுக்கோ ஆங்கு இடமில்லை. எவரும் நம்மைத் தடுத்தாரல்லர், நாம் செல்லவில்லை! இலினக்சின் திரைமுகத்தைத் தமிழாக்கும் பணியைத் தமிழன்பர் சிலர் 2000-ஆம் ஆண்டையொட்டியே தொடங்கினர். அவர்க்கு நம் நன்றி உரியது. ஆயின், முகத்தில் தமிழைத் தீட்டிவிட்டு உட்கருவை அயன்மொழிக்கே விட்டுவிடுதல் போதுமா?

"நிரலும் மடலும் ஆங்கிலத்தில்தானே செல்கின்றன, தமிழில் கற்று என்ன பயன்?" என்பார் சிலர். சீனரும் சப்பானியரும் ஆங்கு ஆங்கிலத்தில்தான் மடல் எழுதுகின்றனர். ஆயினும் கற்பதற்குரிய நூல்களைத் தம் மொழியில் ஆக்கி வைத்துள்ளனர். அயலாரோடு பேச ஒரு மொழி வேண்டும் என்பதற்காக, நமக்குள் எண்ணும் மொழியை இழக்க வேண்டுமென்பது என்ன அறம்? நிரலைத் தமிழ் எழுத்தில் எழுதுமாறு நாம் கூறவில்லை. அதனைத் தமிழில் விளக்கவும், தமிழில் குறை கண்டு கூறவும், தமிழில் கற்பிக்கவும் வேண்டும் என்கின்றோம்.

இதற்குச் சொற்கள் வேண்டும். இங்குதான் நம் இயக்கத்தார் தம் நெஞ்சைத் தாமே ஆராய வேண்டும். நாம் நூற்றுக்கணக்கில் சொற்களைப் படைத்துப் பட்டியலாக வெளியிடுகின்றோம். ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்கின்றோம். அச்சொல்லை வைத்து ஒரு பத்தியேனும் எழுதிப் பார்த்தோமா? ஒரே கருவிக்கு ஒருவர் இயக்கி என்றும், மற்றொருவர் செலுத்தி என்றும், வேறொருவர் ஓட்டி என்றும் கூற, எது ஏன் ஏற்றது எனக் கூடி வழக்காடினோமா? தூய சொல் என்பதனாலேயே ஒரு சொல் தகுதியுடையதாகிவிடாது. தூய்மையும் வேண்டும், ஆய்வில் நிலைத்து நிற்கும் திண்மையும் வேண்டும். குறை கூறுவோனைப் பகைவன் எனக் கொள்ளும் பழக்கம் நம்மிடையே உள்ளவரை, நம் சொற்கள் அகரமுதலிகளில் உறங்குமேயன்றிப் பட்டறைகளில் வாழா.

ஆகலின் ஒன்று செய்வோம். பட்டியல்களை நிறுத்தி, திங்களுக்குப் பத்துச் சொற்கள் மட்டும் எடுப்போம். ஒவ்வொன்றற்கும் கரணியம் கூறி, ஆளும் தொடர் காட்டி, பெயரிட்டு அவைமுன் வைப்போம். மறுப்பு வரின் திருத்துவோம், வேண்டின் கைவிடுவோம். நிலைத்த சொற்களைக்கொண்டு உட்கரு ஆவணங்களுள் ஒன்றையேனும் தமிழாக்குவோம். முதலில் புதிய இயக்கி எழுதுவோர்க்கான நெறியுரை தமிழில் வரட்டும். பொறியியல் கற்ற தமிழிளைஞரே, இப்பணி உங்கள் கைகளையே எதிர்நோக்கி நிற்கின்றது. ஆய்ந்து ஏற்கும் அவையின் வாயில் திறந்தே உள்ளது. தமிழோடு உள்ளே செல்லுங்கள்!