கேமரா ஆசையும் மினிமலிசமும்: இரண்டும் ஒத்துப்போகுமா?

முதலில் ஒரு கேமரா. கூடவே வரும் 18-55 எம்.எம். லென்ஸ். ஆறு மாதம் கழித்து, பின்னணி மங்கலாக விழ வேண்டும் என்று ஒரு 50 எம்.எம். பிறகு பறவைக்கு டெலி, பூச்சிக்கு மேக்ரோ. அதைத் தாங்க ட்ரைபாட், எல்லாவற்றையும் சுமக்கப் பெரிய பை. ‘இது ஒண்ணு மட்டும்தான், இதோட போதும்’ என்று சொல்லாத புகைப்பட ஆர்வலர் அபூர்வம். வீட்டில் இருப்பவர்கள் அதை நம்புவதை எப்போதோ நிறுத்தியிருப்பார்கள்.

இந்தச் சங்கிலிக்கு ‘டிடெரோ விளைவு’ என்று பெயர். புதிய அங்கி ஒன்று கையில் வந்ததும், அறையில் இருந்த பழைய பொருட்கள் எதுவும் அதற்குப் பொருந்தாமல் போக, ஒவ்வொன்றாக மாற்றிய கதையை பிரெஞ்சு சிந்தனையாளர் டெனி டிடெரோ 1769-ல் எழுதினார். மானுடவியலாளர் கிரான்ட் மெக்ராக்கன் 1988-ல் இந்தப் பழக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்.

எல்லாத்தையும் வித்துடலாமா?

மினிமலிசம் பேசுபவர்களின் தீர்வு எளிது: ஒரு கேமரா, ஒரு லென்ஸ் போதும், மீதியை வித்துடு. பெரும்பாலும் லைகாவும் 50 எம்.எம். லென்ஸுமாகவே படமெடுத்த ஹென்றி கார்ட்டியர்-பிரெஸ்ஸோனை உதாரணம் காட்டுவார்கள். ஆனால், தனக்கு ஒத்துவருவது 50-ஆ, 35-ஆ என்பது பயன்படுத்திப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. செருப்பைக்கூட போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்? மேக்ரோ லென்ஸ் வழியாக முதல்முறை எறும்பின் கண்ணைப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் சந்தோஷம் போலியானது அல்ல. அதைக் குற்றவுணர்வாக மாற்றத் தேவையில்லை.

பிரித்துப் பார்க்க வேண்டியது வேறு. பயன்படுத்திப் பார்க்கும் சந்தோஷம் ஒன்று. சொந்தமாக வைத்திருப்பது இன்னொன்று. முதலாவதுக்கு லென்ஸை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பெரிய நகரங்களில் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கி, பிடிக்காவிட்டால் பெரிய நஷ்டமில்லாமல் விற்றுவிடலாம்.

வைத்திருப்பதற்கும் செலவு உண்டு

சொந்தமாக்கிய பொருள் கவனிப்பைக் கேட்கும். சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில், மூடிய பைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். விட்டுவிட்டால் அது கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். அதைத் தடுக்க 40-50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கும் டிரை கேபினெட் வாங்க வேண்டும். அதாவது, பயன்படுத்தாத பொருளைக் காப்பாற்ற இன்னொரு பொருள்!

சரி, எதை வைத்துக்கொள்வது? இதற்குப் பதில் எடுத்த படங்களிலேயே இருக்கிறது. டிஜிட்டல் படம் ஒவ்வொன்றிலும் எந்த ஃபோக்கல் லெங்த்தில் எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிவாகிறது. கடந்த ஓராண்டுப் படங்களை அப்படிப் பிரித்துப் பார்த்தால், எந்த லென்ஸ் உழைத்தது, எது தூங்கியது என்று தெரிந்துவிடும். ஓராண்டு தூங்கியதை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் அடுத்ததைப் பயன்படுத்திப் பார்க்கலாம். புதிதாக இஎம்ஐ எதுவும் ஏறாது.

பழைய ஃபிலிம் கேமராக்களைச் சேகரிப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்து, ஷட்டரை நாலு தடவை அழுத்தி, வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் காட்டுகிறார் என்றால், அவருக்கு அதுவே பயன்பாடு. பத்து கேமரா இருந்தாலும் அதிகமில்லை. பிரிக்காத பெட்டி இரண்டு இருந்தாலே அதிகம்தான்.

அடுத்த ஆர்டரைப் போடும் முன் அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு லென்ஸையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கலாம். உள்ளே நூல் நூலாக ஏதாவது தெரிந்தால், அந்த ஆர்டர் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.