சோப்பு நுரையில் விஞ்ஞானம்!

ஒரு கிண்ணம் தண்ணீர். ஒரு துண்டு சோப்பு. ஒரு பப்பாளி இலைக் காம்பு. விஞ்ஞானம் பயில இவை போதும்!

காரைக்குடியை அடுத்த புதுவயல், அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இதற்காக வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும், 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948-ல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

அங்கே விஞ்ஞானிகள் கையாளும் முறையைப் புதுவயல் வீட்டு முற்றத்தில் ஒரு சிறுமியும் கையாள முடியும்.

எப்படி?

செட்டிநாட்டு வீடுகளில் கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து வைப்பது பழைய வழக்கம். அந்த நீர் ஒரு கிண்ணம். ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஒரு கிண்ணம். எதில் ஊதும் குமிழி அதிக நேரம் நிற்கும்? இது கேள்வி.

"மழைநீரில்தான்" என்கிறாள் சிறுமி. இது ஊகம். இனி சோதனை.

இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு சோப்பு. ஊதுவது ஒரே காம்பு; காற்று வீசாத ஒரே இடம். தண்ணீர் மட்டுமே வேறு. மற்றதையும் மாற்றினால், எதனால் எது நடந்தது என்று தெரியாது.

அந்தந்த நீரால் நனைத்த தட்டில் குமிழியை ஊத வேண்டும். உடையும் வரை வினாடிகளை எண்ண வேண்டும். ஒரு தடவை போதாது. பத்துப் பத்துத் தடவை ஊதி, சராசரி காண வேண்டும்.

ஊகம் பொய்த்தால்? எண்ணத்தை மாற்றலாம், எழுதிய எண்ணிக்கையை மாற்றக்கூடாது!

காரணம் என்ன?

குமிழியின் தோல் மிக மெல்லிய நீர்ப் படலம். அந்த நீர் கீழே வடிந்தும், ஆவியாகியும் போகப் போக, படலம் மெலிந்து உடைகிறது. நீரில் சுண்ணாம்பு உப்பு மிகுந்தால் சோப்பு சரியாக நுரைக்காது. சர்க்கரை சேர்த்தால் என்ன ஆகும்? அதையும் ஊதிப் பார்க்கலாம்.

கைதட்டினால் போதாது

தமிழக அரசு 2022 நவம்பர் 28-ந் தேதி திருச்சியில் 'வானவில் மன்றம்' திட்டத்தைத் தொடங்கியது. 13 ஆயிரத்துக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில், 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிப்பவர்களுக்குச் சோதனை வழியே விஞ்ஞானம் கற்பிப்பது நோக்கம். நல்ல முயற்சி.

ஆனால், ஒருவர் செய்து காட்ட, பிள்ளைகள் கைதட்டினால் அது வெறும் வித்தை. பிள்ளை தானே கேட்டு, தானே ஊதி, தானே எண்ணினால்தான் படிப்பு. முடிவு முன்பே தெரிந்த சோதனையை நோட்டில் எழுதினால் மதிப்பெண் வரும். ஆராயும் பழக்கம் வராது.

இன்று கைபேசியில் மருத்துவக் குறிப்பு வருகிறது, வதந்தியும் வருகிறது. "இது உனக்கு எப்படித் தெரியும்? சோதித்தாயா? எத்தனை தடவை?" என்று கேட்கப் பழகிய பிள்ளை ஏமாறாது.

பெற்றோர்களே! பிள்ளை நுரை ஊதினால், "சோப்பு வீண்" என்று அதட்டாதீர்கள். "எத்தனை வினாடி நின்றது?" என்று கேளுங்கள்!